பிப்ரவரியில் பிறந்த சக்கரம்

“பன்னெண்டு,” என்றான் தஸ்தகீர், ஸ்டேஷன் சுவரோரம் சாய்த்து வைத்திருந்த பைக்கின் முன்சக்கரத்தருகே குந்தியபடி. “பன்னெண்டு கம்பி லூஸு மேடம். ரேஷன் கடை க்யூ மாதிரி ஒண்ணு பின்னாடி ஒண்ணு.”

“மத்ததெல்லாம்?”

“வீணைக் கம்பி. தட்டுனா பாடுது.”

பவளம் உதட்டைச் சுழித்தாள். ஓசூர் சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையின் பரிசோதனை மேஜையில் இருபத்திரண்டு வருஷம் உட்கார்ந்து, தேறாத சக்கரங்களின் மேல் சிவப்பு மையால் பெருக்கல் குறி போட்டவள் அவள். அந்த வேலையை விட்டுத் துப்பறியும் அலுவலகம் திறந்து ஆறு வருஷமாகிறது. பழக்கம் மட்டும் போகவில்லை. இப்போது மனிதர்களைப் பார்த்து மனசுக்குள் குறி போட்டுக்கொண்டிருந்தாள். தேறியவர்கள் குறைவு.

தஸ்தகீர் பைபாஸ் ஓரம் பஞ்சர் கடை வைத்திருந்தவன். “அப்ப காத்தை நம்பிப் பிழைச்சேன், இப்ப மேடத்தோட வாக்கை நம்பிப் பிழைக்கிறேன். சம்பளத்துல பெரிய வித்தியாசம் இல்ல,” என்று எல்லோரிடமும் சொல்லுவான்.

பைக் சிவராஜுடையது. மார்ச் பதினாலாம் தேதி காலை இரவு ஷிஃப்ட் முடித்துப் பாகலூர் ரோட்டில் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தான். ஆறே முக்காலுக்குப் பால் வண்டிக்காரர் ஒருவர் வளைவுப் பள்ளத்தில் அவனைப் பார்த்தபோது உயிர் இல்லை. தானே விழுந்து செத்தான் என்று நான்கே நாளில் ஃபைல் மூடப்பட்டது. ஃபைலின் கடைசித் தாளில் ஒரு மெக்கானிக்கின் சான்று: ‘முன்சக்கரக் கம்பிகள் தளர்ந்து, சக்கரம் கோணியதே விபத்துக்குக் காரணம்.’ கீழே ஒரு கையெழுத்து.

“இது கையெழுத்தா, மழைக்கு வெளிய வந்த மண்புழுவா?” என்றான் தஸ்தகீர்.

“யாரோ ரோட்டோர மெக்கானிக்மா. ரைட்டர் கூட்டியாந்தாரு,” என்றார் சப்-இன்ஸ்பெக்டர், டீயை ஊதிக்கொண்டே. “அவன் பார்த்தான், எழுதுனான், முடிஞ்சது.”

“பேர் கேட்டீங்களா?”

“மண்டபத்துல தாலி கட்டுற மாப்பிள்ளையா, பேர் கேக்கறதுக்கு?”

பவளம் அவர் மேலும் ஒரு பெருக்கல் குறியைப் போட்டுவிட்டுக் குனிந்தாள். ஒவ்வொரு கம்பியின் அடியிலும் அதை முடுக்கும் சின்னப் பித்தளை மறை இருக்கும். தளர்ந்த பன்னிரண்டிலும் பித்தளை பளபளவென்று சுரண்டப்பட்டிருந்தது. மற்றவற்றில் பழைய கறுப்பு அப்படியே இருந்தது.

“வண்டி விழுந்தா ரெண்டு கம்பி ஒடையும், நாலு வளையும்,” என்றாள். “வரிசையா பன்னெண்டு கழண்டு கொடுக்காது. இது சாவி போட்டுக் கழட்டுனது. அதுவும் வண்டி விழுந்தப்புறம். பன்னெண்டு லூஸோட இவ்வளவு தூரம் ஓட்டிட்டு வந்திருக்க முடியாது.”

பக்கத்தில் நின்ற சுஜாதா முந்தானையை இறுக்கிப் பிடித்தாள். சிவராஜின் மனைவி. ஆயத்த ஆடைத் தொழிற்சாலை ஒன்றில் தையல் வேலை. அரைநாள் விடுப்பில் வந்திருந்தாள்.

“எத்தினி தபா சொன்னேன் மேடம், கம்பியே இல்லாத அலாய் சக்கரம் போட்டுக்கோன்னு. கேக்கல. ‘அலாய் ஒடையும், கம்பி வளையும், நம்மூரு ரோட்டுக்குக் கம்பிதான்’னுவாரு. ஞாயித்துக்கெழமையானா பல்லு தேய்க்கிற பிரஷ்ஷை வெச்சிகினு ஒவ்வொரு கம்பியா தொடைச்சிகினு இருப்பாரு. நான் கத்துவேன். இப்ப ஊரே பேசுது, பிடிவாதத்துல செத்தான்னு. நானும் அப்பிடித்தான் நெனச்சிகினு இருந்தேன், இது கெடைக்கிற வரைக்கும்.”

கைக்குட்டையை அவிழ்த்தாள். மூன்றாம் நாள் கணவனின் அடையாள அட்டையைத் தேடிப் போனபோது அந்தப் பள்ளத்தில் கிடைத்தது. கட்டைவிரல் அளவு உலோகத் துண்டு. ஒரு பக்கம் கறுப்புப் பூச்சு, ஓரத்தில் மெல்லிய தங்கக் கோடு. உடைந்த முகம் சர்க்கரைக் கட்டி மாதிரி மணல் மணலாக இருந்தது.

“ரோட்டுல கெடக்கிற குப்பைன்னு இவங்க வாங்கவே மாட்டேன்னுட்டாங்க.”

“வாங்காம இருந்ததே நல்லது. வாங்கியிருந்தா தொலைச்சிருப்பாங்க,” என்றாள் பவளம், சப்-இன்ஸ்பெக்டருக்குக் கேட்கும்படியாகவே. “இது அலாய் சக்கரத்தோட விளிம்பு. கம்பிச் சக்கரத்துல இப்படி ஒரு துண்டு பேராது. உங்க வீட்டுக்காரர் சொன்னது சரி. ஒடைஞ்சது அலாய்தான். ஆனா அவரோடது இல்ல. அவரை இடிச்சவனோடது.”

*

தங்கக் கோடு போட்ட கறுப்பு அலாய் ஒரேயொரு மாடலுக்குத்தான் வந்தது. அந்த மாடல் ஓசூரில் நான்கே பேரிடம் இருந்தது. தஸ்தகீர் ஒன்றரை நாளில் நான்கையும் பார்த்துவிட்டான். மூன்றில் சக்கரம் முழுசாக இருந்தது. நான்காவதில் அலாயே இல்லை. முன்னும் பின்னும் புத்தம்புது கம்பிச் சக்கரம்.

“யார் வண்டின்னு கேளுங்க மேடம். ஹரீஷ்குமார்! யூடியூப்ல ‘அலாய் ஹரீஷ்’. ‘கம்பிச் சக்கரம் கிழவன் சக்கரம்’னு முப்பத்தெட்டு வீடியோ போட்ட மகாராஜா. சைவச் சாமியார் பிரியாணிக் கடை வாசல்ல நின்ன மாதிரி இக்குது.”

ஹரீஷ்குமாரின் வீடு, வாசலில் காவலாளி வைத்த குடியிருப்பில் இருந்தது. கூடத்தில் சாமி படத்தைவிட அவன் படம் பெரியது. ஹெல்மெட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தூர மலையைப் பார்க்கிற படம். அந்த மலை கிருஷ்ணகிரிக் கோட்டை என்பது தெரியாமலிருக்கக் கொஞ்சம் மங்கலாக்கியிருந்தான்.

“லடாக் போறேன் மேடம், மே மாசம்,” என்றான். “அந்த ரோட்டுல அலாய் கிராக் ஆகும். கம்பின்னா வளையும், ஒரு சுத்தியல் இருந்தா நிமிர்த்திக்கலாம். வண்டியோட டைனமிக்ஸ் அப்படி.”

“முப்பத்தெட்டு வீடியோவுல இந்த டைனமிக்ஸ் வரலியே.”

“அது சிட்டி ரைடிங். இது எக்ஸ்பெடிஷன்.”

“மார்ச் பதினாலு காலையில ஆறு மணிக்கு எங்க இருந்தீங்க?”

அவன் சிரித்துக்கொண்டே போனை நீட்டினான். அன்று காலை போட்ட வீடியோ. சூளகிரி பக்கம், வழியில் பஞ்சர். பின்சக்கரத்தைக் கழற்றாமலேயே ஓட்டையில் ரப்பர் திரியைச் செருகி, ஐந்து நிமிஷத்தில் சரி செய்துவிட்டு, ‘கம்பிச் சக்கரமா இருந்தா டியூபைக் கழட்டி, ஒட்டி, மதியம் ஆயிருக்கும் நண்பர்களே!’ என்று கண்ணடிக்கிறான்.

தஸ்தகீர் போனை வாங்கி இரண்டு தடவை பார்த்தான். “திரி நல்லாத்தான் போட்டிருக்கார். ஆனா ரோடு ஏன் சார் நனைஞ்சிருக்கு? பின்னாடி ஒருத்தர் குடை புடிச்சிகினு போறார். மார்ச் பதினாலு ஊரே காஞ்சு கெடந்தது. சூளகிரியில மட்டும் உங்களுக்காகத் தனியா பெஞ்சுதா?”

ஹரீஷ்குமாரின் காது மடல் சிவந்தது. சமையலறை வாசலிலிருந்து அவன் மனைவி பிரவீனா எட்டிப் பார்த்தாள்.

“பதினாலாம் தேதியா? அன்னிக்கு இவரு எழுந்ததே ஒம்பது மணிக்கு. நான்தான் தண்ணி தெளிச்சு எழுப்புனேன்.”

“பிரவீ!”

“என்ன பிரவீ? போலீஸ்ல போய் நிக்கிறதுக்குத் தூங்குனேன்னு சொல்றது தேவலாம்.”

உண்மை ஒவ்வொன்றாக உதிர்ந்தது. ‘நூறு நாள் நூறு ரைடு’ என்று ரசிகர்களுக்கு வாக்குக் கொடுத்திருந்தான். பன்னிரண்டாம் தேதி வண்டி சர்வீசுக்குப் போய்விட்டது. வாக்கு தவறக்கூடாது என்று போன மழைக்காலத்து வீடியோவை எடுத்துப் போட்டான். கொலைப்பழி விழுந்தாலும் பரவாயில்லை, ரைடு போகாதது தெரியக்கூடாது என்று நினைக்கிற ஜாதி. பவளத்துக்கு அருவருப்பில் கொட்டாவியே வந்தது.

“கழட்டுன அலாய் ரெண்டும் எங்க?”

அதைக் காட்டுவதில் அவனுக்குப் பெருமைதான். வெல்வெட் துணியில் சுற்றி, அலமாரியில் வைத்திருந்தான். பவளம் முன்சக்கரத்தை வெளிச்சத்தில் பிடித்துச் சுற்றிப் பார்த்தாள். விளிம்பு முழுசாக இருந்தது. ஒரு கீறல் இல்லை. தங்கக் கோடு அறுபடாமல் ஓடியது. கைக்குட்டையிலிருந்த துண்டு உட்கார இடமே இல்லை.

தஸ்தகீரின் முகம் தொங்கிவிட்டது. “போச்சு மேடம். காத்து எறங்கிருச்சு.”

“நல்லா கண்ணுல வெளக்கெண்ணெ விட்டுகிட்டுப் பாருங்க,” என்றான் ஹரீஷ்குமார், குரலில் தெம்பு திரும்பியிருந்தது. “மூணு வருஷம் நானே துடைச்ச சக்கரம். என் கை ரேகைகூட அதுல இருக்கும்.”

பவளம் சக்கரத்தைக் கவிழ்த்தாள். உள்பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு ஒரு வட்டம் வார்க்கப்பட்டிருந்தது. நடுவில் வருஷம். சுற்றி ஒன்றிலிருந்து பன்னிரண்டு வரை மாதங்கள். ஒரு குட்டி அம்பு ஒரு மாதத்தைக் காட்டும். இருபத்திரண்டு வருஷம் அவள் தினமும் படித்த ஜாதகம் அது.

பின்சக்கரத்தின் ஜாதகத்தையும் படித்தாள். பிறகு இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள்.

“உங்க பின்சக்கரத்துக்கு மூணு வயசு. முன்சக்கரம் இந்த வருஷம் பிப்ரவரியில பொறந்திருக்கு. மூணு வருஷமா நீங்க துடைச்சது எதைங்க? பொறக்காத புள்ளைக்கா பவுடர் போட்டீங்க?”

அவன் குனிந்து பார்த்தான். நிமிர்ந்தான். மறுபடி குனிந்தான். அவன் முகத்தில் தெரிந்தது நடிப்பு இல்லை. அவ்வளவு நன்றாக நடிக்க அவனுக்கு மூளை போதாது என்று பவளம் முடிவு செய்தாள்.

“அப்ப... என்னோட வீல்?”

“அதைத்தான் நானும் கேக்கறேன். கம்பிக்கு மாத்தச் சொன்னது யாரு?”

“மெக்கானிக்தான். பதினஞ்சாம் தேதி போன் பண்ணாரு. ‘சார், லடாக்குன்னா அலாய் ஆபத்து, கம்பி போட்டுத் தரேன், அலாயை அப்புறமா பத்திரமா பேக் பண்ணித் தரேன்’னாரு. பத்து நாள் கழிச்சு அவரே துணியில சுத்திக் கொண்டாந்து கொடுத்தாரு. ரொம்ப நல்ல மனுஷன் மேடம்.”

பிரவீனா மேஜை இழுப்பறையிலிருந்து சர்வீஸ் சீட்டை எடுத்துக் கொடுத்தாள். ‘வண்டி பெற்றுக்கொண்டது: மார்ச் 12’. கீழே கையெழுத்து.

தஸ்தகீர் விசில் அடித்தான். “மேடம், அதே மண்புழு!”

சீட்டின் தலைப்பில் பெயர் அச்சடித்திருந்தது. ஆனந்தராஜ், இருசக்கர வாகன ஒர்க் ஷாப், பாகலூர் ரோடு.

“தங்கக் கோடு போட்ட முன்சக்கரம் சும்மா கிடைக்காது, சொல்லித்தான் வரவழைக்கணும். அது வர்ற வரைக்கும் சமாளிக்கத்தான் கம்பிச் சக்கரம்,” என்றாள் பவளம், படியிறங்கும்போதே. “யார்கிட்ட சொல்லுவான்?”

“நம்ம வட்டாரத்துக்கு அத்திபெலேதான். எங்க பெரியப்பா பொண்ணு வஜிஹா அங்க ஸ்பேர் பார்ட்ஸ் கடை வெச்சிக்குது. கர்நாடகா பார்டர் தாண்டுனதும் கன்னடத்துல திட்டும், ஆனா வேலை முடிச்சிக் கொடுக்கும்.” போனில் பேசிவிட்டு வந்தான். “கடையில கூட்டமாம். பழைய ஆர்டரைத் தேடிப் பார்த்து அனுப்பறேன்னுச்சு.”

*

ஆனந்தராஜ் நெற்றியில் சந்தனம், மேல்பையில் டெஸ்டர், முகத்தில் அமைதி. ஐம்பது வயதிருக்கும். பவளத்தைப் பார்த்ததும் ஸ்டூலைத் துணியால் துடைத்துப் போட்டார்.

“சிவராஜ் விஷயமாம்மா? எனக்குத் தம்பி மாதிரிங்க. பாடையில நானும் தோள் கொடுத்தேன்.”

“கேள்விப்பட்டேன். அதை அப்புறம் பேசலாம். எனக்கு ஒரு யோசனை சொல்லுங்க. வண்டி வாங்கப் போறேன். கம்பிச் சக்கரமா, அலாயா?”

தஸ்தகீர் திகைத்துப் பார்த்தான். ஆனந்தராஜுக்கோ அது பிடித்த பாடம். இன்னொரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

“டவுனுக்குள்ளயே ஓட்டுனா அலாய் சவுகரியம்மா. டியூப் கெடையாது, பஞ்சரானா உடனே காத்து எறங்காது, தொடைக்கிறதும் சுலபம். ஆனா நம்ம கிராமத்து ரோட்டுக்குக் கம்பிதான். அலாய் பள்ளத்துல விழுந்தா பட்டுனு ஒடையும், மாத்துனாத்தான் உண்டு. கம்பி வளையும், தட்டிக் கோட்டம் எடுத்துட்டுப் போய்கினே இருக்கலாம்.”

“கம்பி லூஸாயிடாதா?”

“மாசத்துக்கு ஒருக்கா முடுக்கிக்கினா லூஸே ஆகாதும்மா. ஆயுசுக்கும் நிக்கும்.”

“சிவராஜுக்கு மாசாமாசம் முடுக்குனது யாரு?”

“நான்தா...” வாய் பாதியில் நின்றது.

“நீங்கதான். ஆயுசுக்கும் நிக்கிற கம்பி பன்னெண்டு கழண்டு போச்சுன்னு ஸ்டேஷன்ல எழுதிக் கொடுத்ததும் நீங்கதான். எது பொய்? இப்ப எனக்குச் சொன்ன யோசனையா, அப்ப எழுதுன சான்றா?”

ஆனந்தராஜ் கையிலிருந்த துணியை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார்.

“ஸ்டேஷன்ல கூப்ட்டாங்க, போனேன். கம்பி லூஸா இருந்துச்சு, எழுதுனேன்.”

“ஹரீஷ்குமார் வண்டியில முன்சக்கரம் எப்படிப் புதுசாச்சு?”

“புதுசா? இல்லீங்களே. அவரோட சக்கரத்தையேதான் கொடுத்தேன். அவரையே கேளுங்க, வீல் விஷயத்துல பெரிய ஆளு.”

“அந்த தைரியத்துலதானே கொடுத்தீங்க. அந்தப் பெரிய ஆளுக்குச் சக்கரத்துக்கும் தோசைக்கல்லுக்கும் வித்தியாசம் தெரியாதுன்னு உங்களுக்கு நல்லாத் தெரியும்.”

தஸ்தகீரின் போன் சிணுங்கியது. “வஜிஹா,” என்றான். “ஆர்டர் கெடைச்சிருச்சாம். எழுத்துல இல்ல, வாய்ஸ் மெசேஜ். மார்ச் பதினாலு... காலையில ஆறு பதினொண்ணு.” நிமிர்ந்து ஆனந்தராஜைப் பார்த்தான். “என்னா சார், கோழி கூப்பிட்டு எழுந்ததும் சக்கர ஞாபகமா?”

அவன் போனைத் தட்டினான்.

முதலில் காற்று இரைந்தது. தூரத்தில் ஒரு லாரி போனது. பிறகு ஆனந்தராஜின் குரல், மூச்சு வாங்கியபடி:

*‘வஜிஹாம்மா, ஒரு முன்பக்க அலாய் அவசரமா வேணும். அந்தக் கறுப்பு, தங்கக் கோடு போட்டது. எங்கியாச்சும் புடிச்சிக் கொடுத்துடும்மா. யார்கிட்டயும் சொல்லிக்க வேணாம்...’*

அந்தக் குரலுக்குப் பின்னால், கீழே எங்கிருந்தோ, இன்னொரு குரல். மெலிந்து, இழுத்து இழுத்து வந்தது.

*‘ஆனந்தண்ணா... தண்ணி... ஆனந்தண்ணா...’*

அத்தோடு முடிந்தது.

தஸ்தகீர் போனைக் கவிழ்த்துப் பிடித்தான்.

ஆனந்தராஜ் ஸ்டூலிலிருந்து வழுக்கித் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

“ட்ரையல் பார்க்க எடுத்தேன்மா. கடை தெறக்கறதுக்கு முன்னாடி ஒரு ரவுண்டு. நல்ல வண்டி, கொஞ்சம் முறுக்கிட்டேன். வளைவுல முன்னாடி போய்கினு இருந்தான். பின்னாடி மோதிட்டேன். எறங்கிப் பார்த்தா சிவராஜு. பேசிகினு இருந்தாம்மா. பெருசா ஒண்ணுமில்லன்னு நெனச்சேன்.”

“நெனச்சிட்டு?”

“ஊரான் வண்டி. வீல் ஒடைஞ்சு போச்சு. அந்த ஆளு வீடியோ போட்டு மானத்தை வாங்கிடுவான்னு பயம். மொதல்ல அதுக்கு ஒரு வழி பண்ணிட்டு, அடுத்து நூத்தியெட்டுக்குப் போட்டுடலாம்னுதான்...”

“போட்டீங்களா?”

அவர் தரையில் கிடந்த ஒரு நட்டை விரலால் உருட்டினார்.

“பால்காரர் பார்த்தது ஆறே முக்காலுக்கு. அரை மணி நேரத்துக்கு மேல இருந்துச்சு.”

“வண்டியை மாந்தோப்புல தள்ளி மறைச்சிட்டுத் திரும்பிப் பார்த்தேன். சத்தம் வரல. அப்புறம் என்னாத்துக்குப் போன் பண்றதுன்னு...”

எத்தனையோ கேடிகளைப் பவளம் பார்த்திருக்கிறாள். அவர்களிடம் பேச அவளுக்கு எப்போதும் சொல் இருந்தது. இந்தச் சந்தனப் பொட்டின் முன்னால், எத்தனை கேவலமான சொல்லை எடுத்தாலும் அது மரியாதை கொடுத்தது மாதிரி ஆகிவிடும் என்று தோன்றியது. வெளியே வந்து ஸ்டேஷனுக்குப் போன் செய்தாள்.

“ஃபைல் மூடியாச்சேம்மா,” என்றார் சப்-இன்ஸ்பெக்டர்.

“திறங்க. நீங்க பேர் கேக்காத மெக்கானிக் இங்க தரையில உக்காந்திருக்கார். பேரும் சொல்லுவார், சான்று எழுத வந்தப்ப உங்க ஸ்டேஷன்லயே பன்னெண்டு கம்பியைக் கழட்டுனதையும் சொல்லுவார்.”

ஜீப் வந்து ஆனந்தராஜை ஏற்றிக்கொண்டு போகும்வரை இருவரும் ரோட்டோரப் புளியமரத்தடியில் நின்றார்கள். அதன் பிறகுதான் பவளம் சுஜாதாவைப் போனில் கூப்பிட்டாள். தையல் மெஷின்களின் இரைச்சலுக்கு நடுவே சுஜாதா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். அழவில்லை. யார், எப்படி என்று கேட்டாள். தன் கணவர் மேல் தப்பில்லைதானே என்று இரண்டு தடவை கேட்டாள். இல்லை என்று பவளம் இரண்டு தடவையும் சொன்னாள்.

இரைச்சல் குறைந்தது. எங்கோ ஒதுங்கி வந்திருக்க வேண்டும்.

“மேடம்... கடைசியா அவரு ஏதாச்சும் பேசுனாரா? ரொம்ப நேரம் கஷ்டப்பட்டாரா?”

காலையிலிருந்து பொய் சொன்னவர்களையெல்லாம் உரித்துத் தொங்கவிட்டவள், போனை மறு காதுக்கு மாற்றினாள்.

“இல்லம்மா. விழுந்த உடனே போயிட்டாரு. ஒண்ணுமே தெரிஞ்சிருக்காது.”

போனை அணைத்தாள். தஸ்தகீர் தன் கையிலிருந்த போனையும் அவள் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான்.

“மேடம், கேஸ் நடக்கும்போது இதைக் கோர்ட்ல போட்டுக் காட்டுவாங்களே. அந்தக்காவும் அங்க உக்காந்திருக்குமே.”

“தெரியும். முந்தின நாள் நானே போய் சொல்லிடறேன்,” என்றாள் பவளம். “அதுவரைக்குமாவது அவ தூங்கட்டும்டா.”